உப்புக்காற்றும் ஒரு மில்லிஆம்பியரும்

வீட்டில் வீடியோ கேம் ஆட ஆர்கேட் பெட்டி செய்யப் போகிறேன், என்னென்ன வாங்கட்டும் என்று கேட்கிறவர்கள் எல்லோரும் பொத்தான்களைப் படிக்கும் சின்னக் கம்ப்யூட்டர் போர்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பிக்கோ வாங்கலாமா, ஆர்டுயினோ போதுமா, ராஸ்பெர்ரி பை வேண்டுமா? அந்தப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வேன். பொத்தானை அழுத்தும்போது உள்ளே இரண்டு உலோகப் புள்ளிகள் ஒன்றை ஒன்று தொடுகின்றன. அந்தத் தொடுதலின் வழியாக எவ்வளவு கரண்ட் ஓடப் போகிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால் ஸ்விட்ச், ரெசிஸ்டர் (கரண்டை மட்டுப்படுத்தும் உருப்படி), லக்கு (வயர் முனையில் மாட்டும் உலோகக் கவ்வி), வயர் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகத் தீர்மானமாகிவிடும். காவிரி டெல்டாவில், அதிலும் நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கம் கடலோரமாகக் குடியிருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது என்பது என் கட்சி.

ஆர்கேட் கன்ட்ரோல் என்பது பார்க்கத்தான் பெரிய சமாச்சாரம். உள்ளே திறந்தால் எளிமையாக இருக்கும். ஜாய்ஸ்டிக்கின் அடியில் நாலு திசைக்கு நாலு மைக்ரோஸ்விட்ச், அதாவது லேசாக அழுத்தினாலே ஒட்டும் குட்டி ஸ்விட்ச். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு மைக்ரோஸ்விட்ச். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் இரண்டு வயர்: ஒன்று போர்டில் பின் என்கிற இணைப்பு முனைக்குப் போகும், இன்னொன்று எல்லாவற்றுக்கும் பொதுவான கிரவுண்டுக்கு, அதாவது சுழி வோல்ட் முனைக்குப் போகும். அழுத்தாதபோது பின்னில் 3.3 அல்லது 5 வோல்ட் இருக்கும். அழுத்தினால் சுழிக்கு இறங்கும். போர்டு அதைப் பார்த்து "அழுத்திவிட்டான்" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஜப்பானிய கேம் மெஷின் உற்பத்தியாளர் சங்கம் 1985இல் கொண்டுவந்த ஜம்மா என்ற 56 முனை இணைப்பு முறையிலும் இதே கதைதான். பொத்தான்கள் கிரவுண்டைத் தொடும், போர்டு பார்த்துக்கொள்ளும். தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து வீடியோ கேம் கடைகளில் காசு போட்டு ஆடியவர்கள் தட்டித் தள்ளிய பொத்தான்களும் இப்படித்தான் வேலை செய்தன. ஒரே ஒரு வித்தியாசம். அந்தக் காலத்து போர்டுகளில் பின்னை மேலே தூக்கிப் பிடிக்கும் ரெசிஸ்டர்கள் ஓரிரு கிலோஓம், மிஞ்சினால் சில கிலோஓம் அளவில் தனியாக வைக்கப்பட்டிருந்தன. அதனால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு மில்லிஆம்பியருக்கு மேல் ஓடியது. இன்றைய சின்ன போர்டுகளில் அந்த ரெசிஸ்டர் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, அதன் மதிப்பு மிக அதிகம். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

நாகப்பட்டினத்தில் அக்கா வீடு. மாமா, அதாவது அக்காவின் கணவர், பிள்ளைகளுக்காக ஆன்லைனில் ஒரு ரெடிமேட் கிட் வாங்கி, மாடி அறையில் பெட்டி செய்து வைத்திருந்தார். மழைக்காலம் முடிந்ததும் பொத்தான்கள் ஒவ்வொன்றாக மக்கர் பண்ண ஆரம்பித்தன. அழுத்தினால் சில சமயம் வேலை செய்யும், சில சமயம் செய்யாது. ஓங்கி அழுத்தினால் செய்யும். "மாப்ள, போர்டு போயிடுச்சு போல, வேற வாங்கிப் போட்டுடலாமா?" என்றார். நான் மீட்டரை எடுத்து ஸ்விட்சின் இரண்டு முனையிலும் வைத்தேன். அழுத்தினால் பீப் சத்தம் சுத்தமாக வந்தது. எல்லாப் பொத்தானிலும் வந்தது. மாமா என்னைப் பார்த்தார். மீட்டர் நல்லா இருக்கு என்கிறது, கேம் இல்லை என்கிறது.

ஒரு ஸ்விட்சைக் கழற்றி, பக்கவாட்டு மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்தோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெருமுனையில் ஒரு பத்தர் கடை இருக்கிறது. அவரிடம் லென்ஸ் கேட்கப் போனோம். அவர் லென்ஸைக் கொடுக்கவில்லை, ஸ்விட்சை வாங்கித் தானே கண்ணில் வைத்துப் பார்த்தார். கடுகில் பாதி அளவு குமிழ் ஒன்று, அது போய்த் தொடும் தட்டையான புள்ளி ஒன்று. "வெள்ளி கறுத்திருக்கு தம்பி. நடுவுல மட்டும் தேஞ்சு கொஞ்சம் பளபளன்னு இருக்கு, சுத்தி பூரா கறுப்பு" என்றார். பிறகு நான் பார்த்தேன். அவர் சொன்னபடியே இருந்தது. பழுப்பும் கறுப்புமாக ஒரு படலம், நடுவில் ஊசிமுனை அளவு வெளிச்சம். கொலுசு கறுப்பதும் இதே வேதியியல்தான். காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகின்றன. காற்றில் ஈரம் கூடினால் வேகம் கூடும். கடலோரமென்றால் உப்பும் தன் பங்குக்குச் சேர்ந்துகொள்ளும்.

சரி, கறுத்திருக்கிறது. பிறகு ஏன் மீட்டரில் பீப் வந்தது? மீட்டர்களில் பலவும் பீப் சோதனையின்போது ஒரு மில்லிஆம்பியரை ஒட்டிய கரண்டை உள்ளே தள்ளுகின்றன. மாமாவின் பெட்டியில் இருந்தது, பிக்கோவில் இருக்கும் அதே ஆர்பி2040 சிப் வைத்த போர்டு. அதன் உள்ளிருக்கும் மேலிழு ரெசிஸ்டரின் மதிப்பு 50லிருந்து 80 கிலோஓம். 3.3 வோல்ட்டை அதனால் வகுத்தால் 0.04லிருந்து 0.066 மில்லிஆம்பியர் வரும். மீட்டர் தள்ளுவதில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் கரண்ட் ஓடினால் மெல்லிய படலத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். இவ்வளவு சொற்பமாக ஓடினால் படலம் அப்படியே நிற்கும். ஆர்டுயினோ லியோனார்டோவில் இருக்கும் ஏடிமெகா32யு4 சிப்பின் உள் ரெசிஸ்டர் 20லிருந்து 50 கிலோஓம். 5 வோல்ட்டில் 0.1லிருந்து 0.25 மில்லிஆம்பியர். கொஞ்சம் தேவலாம், ஆனால் போதாது.

மைக்ரோஸ்விட்ச் வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது அதிகபட்ச ஆம்பியர். 5 ஆம்பியர், 10 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று உடம்பிலேயே அச்சடித்திருக்கும். கடைக்காரரும் பெரிய எண்ணைக் காட்டி "இது ஹெவி சார், ரொம்ப நாள் வரும்" என்பார். ஸ்விட்ச் செய்தவர்கள் வெளியிடும் தரவுத்தாளில் இன்னொரு வரி இருக்கிறது: குறைந்தபட்ச சுமை. நமக்கு வேண்டியது அதுதான். பெரிய கரண்டுக்குச் செய்த வெள்ளித் தொடர்பு (தொடும் புள்ளி வெள்ளி) ஸ்விட்சுகளில் இந்த எண் 5 வோல்ட்டில் 100 மில்லிஆம்பியர், அதற்கும் மேலே என்றிருக்கும். அதாவது அந்த அளவாவது ஓடினால்தான் புள்ளி தன்னைத் தானே சுத்தமாக வைத்துக்கொள்ளும் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். தங்கத் தொடர்பு உள்ள, சிறு சுமைக்கென்று செய்த வகைகளில் அதே இடத்தில் 5 வோல்ட், 1 மில்லிஆம்பியர் என்று இருக்கும். அச்சடித்த ஆம்பியரும் 0.1 என்று சின்னதாக இருக்கும். கடையில் அதைப் பார்த்து "இது வீக்கான சரக்கு" என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆர்கேட் பொத்தானுக்கு அந்த வீக்கான சரக்குதான் சரியான சரக்கு.

பத்தரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "தங்கம் கறுக்காதுல்ல" என்று முடித்துவிட்டார். ஆனால் அந்தத் தங்கம் மைக்ரான் கணக்கில் பூசிய மெல்லிய படலம் என்பதை மறக்கக் கூடாது. தங்கத் தொடர்பு ஸ்விட்சை எடுத்து ஒரு 12 வோல்ட் மோட்டாரையோ ரிலேயையோ ஓட்டினால் பொறி பறந்து பூச்சு எரிந்துபோகும், அடியில் இருக்கும் உலோகம் வெளியே வந்துவிடும். அதனால் பழைய மெஷினிலிருந்து கழற்றிய ஸ்விட்ச், எங்கே வேலை செய்தது என்று தெரியாத ஸ்விட்ச், இரண்டையும் நான் தொடுவதில்லை. ஆன்லைனில் பொத்தானும் ஜாய்ஸ்டிக்கும் சேர்ந்து மலிவாக வரும் கிட்டுகளில் தொடர்பு என்ன உலோகம் என்று எழுதியே இருக்காது. எழுதாவிட்டால் தங்கம் இல்லை என்று எடுத்துக்கொள்வது நல்லது.

இனி ரெசிஸ்டர். இந்த வேலையில் மிக மலிவான பொருள் இதுதான், மிக அதிகமாகப் பலன் தருவதும் இதுதான். 1 மில்லிஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும், 3.3 வோல்ட் இருக்கிறது, 2.2 கிலோஓம் வைத்தால் 1.5 மில்லிஆம்பியர் ஓடும். 5 வோல்ட் போர்டாக இருந்தால் 4.7 கிலோஓம் போட்டால் 1 மில்லிஆம்பியரைச் சற்றே தாண்டும், 3.3 கிலோஓம் என்றால் 1.5. ஒவ்வொரு பின்னிலிருந்தும் ஒரு ரெசிஸ்டர் மேலே மின்சாரத்துக்குப் போக வேண்டும். சிப்புக்குள் இருப்பதை அணைக்க வேண்டியதில்லை, இரண்டும் பக்கம் பக்கமாக வேலை செய்யும். இரண்டு பேர் ஆடும் பெட்டிக்குக் கணக்குப் போடுங்கள்: ஆளுக்கு நாலு திசை, ஆறு பொத்தான், ஒரு ஸ்டார்ட், ஒரு காயின். ஆளுக்குப் பன்னிரண்டு, மொத்தம் 24. தனித்தனியாக 24 ரெசிஸ்டரைச் சால்டர் வைத்தால் போர்டு முள்ளம்பன்றியாகிவிடும். ரேடியோ ஸ்பேர் கடைகளில் ஒன்பது கால் உள்ள ரெசிஸ்டர் பட்டை கிடைக்கும். எட்டு ரெசிஸ்டர்கள், ஒரு பொதுக் கால். பொதுக் காலின் பக்கத்தில் ஒரு புள்ளி அச்சடித்திருக்கும். மூன்று பட்டை போட்டால் 24க்குக் கச்சிதமாகப் போதும். எல்லாப் பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்தினாலும் மொத்தம் 36 மில்லிஆம்பியர், பிக்கோவின் 3.3 வோல்ட் வெளியீடு 300 மில்லிஆம்பியர் வரை தரும் என்பதால் கவலையில்லை.

மாமாவின் பெட்டியில் முதலில் செய்தது இதுதான். ஸ்விட்ச் எதையும் மாற்றாமல் மூன்று பட்டையை மட்டும் வைத்தோம். பெரும்பாலான பொத்தான்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டன. மிச்சம் சிலவற்றுக்குத் தங்கத் தொடர்பு ஸ்விட்ச் வாங்கிப் போட்டோம். போர்டு அதே போர்டுதான், இன்றைக்கும் ஓடுகிறது.

இங்கே பொத்தானின் வகையையும் பேச வேண்டும். ஜப்பானிய பாணிப் பொத்தான்கள், சான்வா நிறுவனத்தின் 30 மி.மீ. வகை போல, கையில் பூப்போல இருக்கும். விரல் வைத்தால் போதும். அவற்றில் அழுத்திச் சொருகும் வகை மெல்லிய தகட்டுக்கென்று செய்தது; நம் ஆசாரி அறுத்துத் தரும் 18 மி.மீ. பிளைவுட்டில் அது பிடிக்காது. மரத்துக்குத் திருகு வளையம் உள்ள வகை வேண்டும், அல்லது பலகையின் அடிப்பக்கத்தைச் செதுக்கி மெலிதாக்க வேண்டும். அமெரிக்க பாணிப் பொத்தான்கள் சுமார் 28 மி.மீ. துளை கேட்கும், நீளமான கழுத்து, பிளாஸ்டிக் நட்டு, தடித்த மரத்தில் கல்லாக நிற்கும். அழுத்த விரல் கொஞ்சம் அதிகமாகக் கொடுக்க வேண்டும். ஆனால் அதன் அடியில் மைக்ரோஸ்விட்ச் தனியாக மாட்டியிருக்கும், கழற்றி வேறொன்று மாட்டலாம். நம் ஊர்க் காற்றுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பொத்தானைத் தூக்கிப் போடாமல் ஸ்விட்சை மட்டும் மாற்ற முடிகிற எதுவும் நமக்கு நல்லது.

பொத்தான் வகையைத் தீர்மானித்தால் லக்கும் தீர்மானமாகிவிடுகிறது. சான்வா வகைப் பொத்தானின் முனை 2.8 மி.மீ. அகலம். பெரிய மைக்ரோஸ்விட்சுகளில் 4.8 அல்லது 6.3 வரும். 6.3 என்றால் மயிலாடுதுறை, கும்பகோணம், மன்னார்குடி என்று எந்த ஊர் டூவீலர் ஒயரிங் கடையிலும் பொட்டலமாகக் கிடைக்கும், ஏனென்றால் ஹாரன், ரிலே எல்லாவற்றுக்கும் அதே லக்குதான். 2.8 லக்குக்கு நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகும் ஆட்களிடம் சொல்லிவிடுவேன். தங்கத் தொடர்பு ஸ்விட்சும் பெரும்பாலும் அப்படித்தான் வந்து சேரும். இரண்டையும் ஒரே பயணத்தில், உதிரிக்கும் சேர்த்து வாங்கிவிட வேண்டும்.

லக்கு வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் வெறும் பித்தளை. வெள்ளையாக இருந்தால் ஈயம் (வெள்ளீயம்) பூசியது. நாச்சியார்கோவில் விளக்கு வாங்கி வைத்திருக்கும் வீடுகளில் பித்தளை எத்தனை சீக்கிரம் மங்கும், ஈரம் பட்டால் எப்படிப் பச்சைக் களிம்பு ஏறும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஏன் ஈயம் பூசினார்களோ, ஏறக்குறைய அதே காரணத்துக்காகத்தான் லக்குக்கும் பூசுகிறார்கள். விலை வித்தியாசம் பைசாக் கணக்கு. ஆனால் ஆம்பியர் கணக்கில் ஓடும் ஹாரனில் களிம்பு ஏறினால் சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஒன்றரை மில்லிஆம்பியர் ஓடும் பொத்தானில் ஏறினால் சிக்னலே இல்லாமல் போகும். வெள்ளை லக்கையே கேளுங்கள். மேலே மூடும் ரப்பர் உறையும் சேர்த்துக் கேளுங்கள்.

வயர் விஷயத்தில் ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரோடு எனக்கு நீண்ட வாக்குவாதம் உண்டு. "ஒன் ஸ்கொயரே போட்டுடு தம்பி, கெட்டியா இருக்கும், காலத்துக்கும் வரும்" என்பார். ஒரு சதுர மி.மீ. வயரைத்தான் சொல்கிறார். வீட்டு லைட்டுக்கு அவர் சொல்வது சரி. இங்கே ஓடுவது ஒன்றரை மில்லிஆம்பியர். தலைமுடி தடிமனே போதும். அப்படியானால் வயரின் தடிமனை எது முடிவு செய்கிறது? லக்கின் வாய். லக்கைக் கிரிம்ப் செய்யும்போது, அதாவது வயரின் மேல் அழுத்தி இறுக்கும்போது, அதன் வாய் நிறைய செம்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. கடையில் 7/36, 14/36, 23/36 என்று கேட்டால் கொடுப்பார்கள். முதல் எண் இழைகள், இரண்டாவது இழையின் கேஜ். 36 கேஜ் இழை சுமார் 0.19 மி.மீ. கணக்குப் போட்டால் 7/36 என்பது 0.2 சதுர மி.மீ., 14/36 என்பது 0.4, 23/36 என்பது 0.67. 2.8 லக்குக்கு 14/36, 6.3 லக்குக்கு 23/36. எலக்ட்ரீஷியன் அண்ணனின் ஒன் ஸ்கொயர் வயரும் 6.3 லக்கில் பிடிக்கும்தான், ஆனால் நாற்பத்தெட்டு முனையில் அதை வளைத்துப் பாருங்கள், மூடியை மூடும்போது அதுவே பொத்தானை ஒரு பக்கமாகத் தள்ளும்.

மிச்சமான லான் கேபிளைப் பிரித்து உள்ளிருக்கும் வயரைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டு நிறம், காசு கிடையாது, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சுவருக்குள் போடும் லான் கேபிளில் ஒற்றைச் செம்புக் கம்பி. அசையாமல் கிடக்கும் இடத்துக்குச் செய்தது. பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினால் லக்கின் கழுத்தில் ஒடியும். ஒடிந்த இடம் பிளாஸ்டிக் உறைக்குள்ளே இருக்கும், வெளியே தெரியாது. பல இழை வயரையே வாங்குங்கள்.

பொத்தானின் முனையில் நேரடியாகச் சால்டர் வைக்கலாமே என்று கேட்பார்கள். வைக்கலாம். நம் ரேடியோ மெக்கானிக்குகள் பழக்கப்பட்ட கையோடு அழகாக வைப்பார்கள். 63க்கு 37 கலவை லெட், அதாவது சால்டர் கம்பி, வாங்கினால் 183 டிகிரியில் ஒரே மூச்சில் உருகி ஒரே மூச்சில் இறுகும், வேலை சுத்தம். ஆனால் உருகிய லெட் இழைகளுக்குள் ஏறிக் கொஞ்ச தூரம் வயரைக் கம்பியாக்கிவிடும், அது முடியும் இடத்தில் ஒடியும். அதைவிட, ஸ்விட்சை மாற்ற வேண்டிய ஒவ்வொரு முறையும் அயர்னைச் சூடாக்க வேண்டும். சுடு பட்டு ஸ்விட்சின் பிளாஸ்டிக் நெகிழ்ந்து உள்ளே புள்ளி சாய்ந்துவிடவும் கூடும். கிரிம்ப்பே மேல். கட்டிங் பிளையரால் நசுக்குவதைக் கிரிம்ப் என்று சொல்ல மாட்டேன். ராட்செட் கிரிம்பர் (லக்கை முழுசாக இறுக்கும் வரை விடாத கருவி) ஒன்று வாங்குங்கள், அல்லது ஒயரிங் கடையில் அதை வைத்திருக்கும் அண்ணனிடம் நாற்பத்தெட்டு வயரையும் கொடுத்து அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். கிரிம்ப் செய்த வயரை இழுத்துப் பாருங்கள். வரக் கூடாது. போர்டு பக்கம் திருகு டெர்மினல் வைத்தால், வயர் முனையில் லெட் பூசாதீர்கள். லெட் மெத்தென்றிருக்கும், நாளாவட்டத்தில் அமுங்கித் திருகு தளர்ந்துவிடும். வெறும் இழையை முறுக்கிப் போடுங்கள், அல்லது ஃபெரூல் குழாய் மாட்டுங்கள்.

கிரவுண்டு வயரைப் பற்றி ஒரு விஷயம். எல்லாப் பொத்தானுக்கும் பொதுவான கிரவுண்டைத் தனித்தனியாகப் போர்டுக்கு இழுக்காமல், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாக விடுவது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் வாய்க்காலின் தலைப்பில் உடைப்பு விழுந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராத மாதிரி, சங்கிலியின் நடுவில் ஒரு லக்கு கழன்றால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை பொத்தானும் செத்துவிடும். அதனால் கடைசிப் பொத்தானிலிருந்து இன்னொரு வயரைப் போர்டின் வேறொரு கிரவுண்டு பின்னுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவேன். வளையமாகிவிடும். ஒரு இடத்தில் விட்டாலும் மறுபக்கத்திலிருந்து வரும். ஒரு முழம் வயர் செலவு, அவ்வளவுதான். பெட்டி முழுக்கக் கிரவுண்டுக்குக் கறுப்பு மட்டும்; வேறு எந்த வயரும் கறுப்பாக இருக்கக் கூடாது.

இப்போது போர்டு. பின்களை எண்ணினாலே முடிவு வந்துவிடும். 24 வேண்டும். 2021 ஜனவரியில் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவில் 26 பின்கள் வெளியே இருக்கின்றன, யூஎஸ்பி நேரடியாகச் சிப்பிலேயே இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ஜிபி2040-சிஇ மென்பொருளை ஏற்றினால் ஒரு வரி புரோகிராம் எழுதாமல் ஒருவருக்கான ஜாய்ஸ்டிக்காக வேலை செய்யும்; இருவரையும் ஒரே பிக்கோவில் சேர்க்க வேறு புரோகிராம் வேண்டும். ஏடிமெகா32யு4 வைத்த புரோ மைக்ரோவில் 18 பின்கள். ஒருவர் ஆடும் பெட்டிக்குத் தாராளம், இருவருக்கு இரண்டு போர்டு, அல்லது பல ஸ்விட்சுகள் ஒரே பின்னைப் பகிரும்படி கட்டம் கட்டமாக இணைத்து ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒரு 1என்4148 டயோடு. டயோடு இல்லாமல் கட்டம் கட்டினால் மூன்று பொத்தானை அழுத்தும்போது அழுத்தாத நாலாவது ஒன்றும் அழுத்தியதாகக் காட்டும். இருவர் ஆடும் பெட்டிக்கு எனக்குப் பிடித்தது பிக்கோதான். ஆர்டுயினோ ஊனோ (ஆர்3 வரை வந்தவை) இந்த வேலைக்கு வேண்டாம், அதன் முக்கியச் சிப்பில் யூஎஸ்பி கிடையாது. பிக்கோவின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட் காட்டினால் போய்விடும். ரெசிஸ்டர் பட்டையின் பொதுக் காலை 3.3 முனையில் வைக்கிறோமா என்று மின்சாரம் கொடுப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

பவுன்ஸ் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். ஸ்விட்சின் புள்ளி ஒட்டும்போது சில மில்லிசெகண்ட் துள்ளும், மென்பொருளில் 5 மில்லிசெகண்ட் காத்திருக்கச் சொன்னால் தீர்ந்தது. கேமில் ஒரு ஃபிரேமே 16.7 மில்லிசெகண்ட்.

கரண்ட் போய்விடும் என்ற நினைப்பு டெல்டாவில் எப்போதும் இருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு எத்தனை ஊர்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்று இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பிக்கோவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, மென்பொருள் ஃபிளாஷில் இருக்கிறது. கேம் ஓட்டும் ராஸ்பெர்ரி பையில் எஸ்டி கார்டு கெட்டுப்போகலாம். அதை இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடுங்கள். பிக்கோவின் சின்ன மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட்டைப் பிள்ளைகளின் கைக்கு விடாதீர்கள். பெட்டியின் பின்பக்கத்தில் பிரிண்டருக்கு வரும் சதுர யூஎஸ்பி சாக்கெட் ஒன்றைத் திருகி வைத்து, உள்ளே ஒரு குட்டிக் கேபிள் கொடுத்துவிட்டால், காலில் பட்டு இழுத்தாலும் போர்டு தப்பிக்கும். பிரிண்டர் கேபிள் எந்த ஊர்க் கம்ப்யூட்டர் கடையிலும் இருக்கும்.

விளக்கு வைத்த பொத்தான்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ஆனால் பிள்ளைகள் விட மாட்டார்கள். வைத்தால் கணக்கோடு வையுங்கள். சாதாரண எல்இடி ஒன்றுக்கு 10 மில்லிஆம்பியர் என்றால் 24க்கு 240, யூஎஸ்பி 2.0 தரும் 500க்குள் அடங்கும். 5 வோல்ட்டிலிருந்து சிவப்புக்கு 330 ஓம், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 180 ஓம் போதும். கலர் கலராக மாறும் டபிள்யுஎஸ்2812பி வகை ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லிஆம்பியர் வரை குடிக்கும், 24க்கு 1.4 ஆம்பியரைத் தாண்டிவிடும், தனி சப்ளை வேண்டும். அதோடு அது 5 வோல்ட்டில் ஓடும்போது சிக்னல் 3.5 வோல்ட்டுக்கு மேல் வேண்டும் என்று கேட்கும், பிக்கோ 3.3தான் தரும். சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. இந்தக் காசில் தங்கத் தொடர்பு ஸ்விட்ச் கூடுதலாக நாலு வாங்கி உதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

பெட்டிக்குள் வேறு விருந்தாளிகளும் வருவார்கள். அறுப்புக் காலத்தில் வயலிலிருந்து எலி வீட்டுக்குள் புகும். பிவிசி வயரை ருசி பார்க்காமல் விடாது. சுவிட்ச் போர்டுக்குள் பல்லி செத்துக் கிடப்பதைப் பார்க்காத வீடு இங்கே இல்லை. காற்றோட்டத்துக்கு வைத்த துளைகளில் கொசுவலைக் கம்பியை அடித்து மூடுங்கள், கேபிள் போகும் துளைக்கு ரப்பர் குரோமெட் போடுங்கள். பிளைவுட்டில் ஐஎஸ் 710 என்ற மரைன் பிளைவுட் முத்திரை பார்த்து வாங்குங்கள், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் உப்பாது.

வேலை முடிந்து பெட்டியை மூடுவதற்கு முன்னால் பீப் சோதனையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மாமா வீட்டில் பீப் எத்தனை நம்பிக்கையாகப் பொய் சொன்னது என்று பார்த்தோமே. மின்சாரம் கொடுத்துவிட்டு, மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையைப் பிக்கோவின் பின்னிலும் பிடித்துக்கொண்டு பொத்தானை மெதுவாக அழுத்துங்கள். அழுத்தாதபோது 3.3 வோல்ட் இருக்கும், மில்லிவோல்ட் அளவில் மீட்டர் அளவு மீறியதாகக் காட்டலாம், பயப்பட வேண்டாம். அழுத்தினால் நல்ல ஸ்விட்சும் நல்ல லக்கும் இருக்கும் இடத்தில் ஓரிரு மில்லிவோல்ட்டுக்கு இறங்கிவிடும். பத்து காட்டினால் வழியில் சுமார் ஏழு ஓம் இருக்கிறது என்று கணக்கு. அது ஸ்விட்சா லக்கா என்று தேட வேண்டும். 0.8 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் சிப் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும், அதனால் இருநூறு முந்நூறு மில்லிவோல்ட் காட்டும் பொத்தானும் இன்றைக்கு வேலை செய்யும். அடுத்த மழைக்குச் செய்யாது. ஒவ்வொரு பொத்தானும் காட்டிய மில்லிவோல்ட் எண்ணை மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்துவிட்டு, தை பிறந்ததும் ஒரு தடவை திறந்து அதே அளவை மறுபடி எடுத்துப் பாருங்கள். எண் ஏறியிருக்கும் ஸ்விட்சை மட்டும் மாற்றினால் போதும்.